சூடானால் கிளம்பாத நைட்ரோ எஞ்சின்

கைமாறி வந்த 1/8 அளவு ஆஃப்ரோடு நைட்ரோ கார் இது. 3.5 சிசி எஞ்சின், கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. சேஸிஸ் வளையவில்லை, டிஃபரன்ஷியல்கள் கரகரப்பில்லாமல் சுழல்கின்றன, ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவும் இல்லை. காலையில் இரண்டு மூன்று இழுப்பிலேயே சீறிக்கொண்டு கிளம்புகிறது. ஒரு டேங்க் ஓட்டி நிறுத்தி, எரிபொருள் ஊற்றி மறுபடி இழுத்தால் பேச்சு மூச்சு இல்லை. அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் கை போவது கார்புரேட்டர் ஊசிக்குத்தான். போகக் கூடாது. நன்றாக ஓடுகிற ஊசியைத் திருகினால், பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

முதலில் கயிறு. இழுக்கும்போது ஃப்ளைவீலும் சேர்ந்து சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கயிற்றுக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பேரிங் இருக்கிறது. அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால், கயிறு லேசாக வரும், எஞ்சின் சுற்றாது. கம்ப்ரஷன் போய்விட்டது என்று ஏமாந்துவிடுவோம். இந்தக் காரில் பேரிங் ஒழுங்காகவே பிடித்தது.

கயிறு லேசாக வராமல் பாதியில் அடித்து நின்றால் கதை வேறு. எஞ்சின் அணைந்த பிறகும் ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எரிபொருளில் உள்ள மெத்தனால் 65 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் அழுத்தமும் உடனே இறங்காது. இரண்டும் சேர்ந்து எரிபொருளை உள்ளே தள்ளினால் பிஸ்டனுக்கு மேல் குளம் கட்டிவிடும். அந்த நிலையில் வெறியோடு இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். க்ளோ பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, காரைக் கவிழ்த்து நாலு இழுப்பு இழுத்தால் போதும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மெத்தனால் கண்ணுக்கு ஆகாது. வெயிலில் தீப்பிடித்தால் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். நிறுத்தியதும் டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடினாலே இந்தத் தொல்லை பாதி குறையும்.

அடுத்து பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பார்த்தேன். சுருள் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. மங்கிய சிவப்பாக இருந்தால் இக்னைட்டரைச் சார்ஜ் செய்து பார்த்து, அப்போதும் அப்படியே என்றால் பிளக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஃப்ளைவீலை விரலால் மெதுவாகச் சுற்றினேன். உச்சியில் எந்தத் தடையும் இல்லை, சரக்கென்று தாண்டியது. குளிர்ந்த பிறகு அதே இடத்தில் கொஞ்சம் பிடித்தது. சூட்டில் கம்ப்ரஷன் போகிறது என்ற சந்தேகம் அங்கேதான் எழுந்தது.

இந்த வகை எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதன் உட்சுவரில் குரோமியப் பூச்சு, அவ்வளவுதான். ஸ்லீவின் மேல்முனையை மயிரிழை குறுகலாகக் கடைந்திருப்பார்கள். புது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அங்கே இறுகிச் சிக்கும். 100 டிகிரிக்கு மேல் போனதும் பித்தளை விரிந்து, குறுகல் நேராகி, பிஸ்டன் சரியாக உட்காரும். தேய்ந்த எஞ்சினில் அந்த இறுக்கம் ஏற்கெனவே போய்விட்டதால், சூட்டில் ஸ்லீவ் விரிந்ததும் இடைவெளி விழுகிறது. ஓடும்போது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று என்பதால் காற்று கசிய அவகாசம் இல்லை. கயிறு தரும் வேகத்தில் எல்லாம் கசிந்துவிடுகிறது.

ஊர்ஜிதம் செய்ய ஈரத்துணி போதும். கிளம்ப மறுத்த சூட்டோடு, ஹெட்டின் துடுப்புகள் மேல் நனைத்த துணியைச் சுற்றினேன். சுர்ரென்று ஆவி கிளம்பியது. துணி வெதுவெதுப்பானதும் இழுத்தேன், பற்றிக்கொண்டது. குளிர்ந்த ஸ்லீவ் சுருங்கி, கம்ப்ரஷன் திரும்பியிருக்கிறது. ஊசி, பிளக், எரிபொருள் எதையும் மாற்றவில்லை.

தேய்மானத்துக்குக் காரணம் ஏர் ஃபில்டரில் இருந்தது. ஃபோம் எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய்ந்து கிடந்தது. அதை எடுத்ததும் கார்புரேட்டர் வாயில் மண் பொடி மினுமினுத்தது. அந்தப் பொடிதான் குரோமியத்தை அரைத்திருக்கும்.

ஆக, வண்டிக்கு என் மதிப்பீடு: சேஸிஸுக்குத் தாராளமாகப் பணம் தரலாம், எஞ்சினுக்கு ஒரு பைசா சேர்க்கக் கூடாது. பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராடு மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கும் சத்தம் போட்டால் முழு எஞ்சினே வாங்குவது மேல். ஸ்லீவின் மேல்முனையை நெருக்கிக் கொடுக்கும் வேலையும் உண்டு, ஆனால் குரோமியம் உரிந்திருந்தால் அது வீண்செலவு. புது செட்டைப் போட்டதும் ஃபோமில் ஃபில்டர் எண்ணெயைப் பிசைந்து மாட்டுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்திய பிறகும், ஆறுவதற்கு முன்பே, ஃப்ளைவீலைச் சுற்றி பிஸ்டனை அடியில் இறக்கி வையுங்கள்.