பாதி சிவன், முழு முரண்

வாசுதேவநல்லூர்க் கோயிலில் சிவனும் உமையும் ஒரே உடம்பு. சங்கரன்கோவிலில் சிவனும் திருமாலும் ஒரே உடம்பு. ‘முரணைக் கும்பிடுற மண்ணுங்க இது. இங்க வந்து அரிஸ்டாட்டில் பேசுறீங்களே’ என்றார் நண்பர் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிலைகளில் முரண் இல்லை. வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். எந்த ஓர் இடத்திலும் அது சிவனாகவும் சிவனல்லாததாகவும் ஒருசேர இல்லை. நடுவில் ஒரு கோடு. சமணரின் சியாத்வாதமும் இப்படிக் கோடு கிழிப்பதுதான்: ஒரு வகையில் உண்டு, இன்னொரு வகையில் இல்லை. இதற்குப் பெயர் சமரசம்.

கிரஹாம் பிரீஸ்ட் 1987இல் வெளியிட்ட நூலில் சொல்வது இதைவிடக் கடுமை. சில கூற்றுகள் ஒரே அர்த்தத்தில் உண்மையாகவும் பொய்யாகவும் இருக்கின்றன. அதனால் எல்லாமே உண்மையாகிவிடாது. (ஒரு முரணை ஒப்புக்கொண்டால் எதையும் நிரூபித்துவிடலாம் என்பது மரபுத் தர்க்கம் காட்டும் பூச்சாண்டி.) அவர் காட்டும் களங்களில் ஒன்று சட்டம். சட்டம் சொன்னாலே அது சட்டப்படி உண்மை. இரண்டு விதிகள் எதிரெதிராகச் சொன்னால் இரண்டும் உண்மை. நமக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கொள்ளக் கூடாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. ஆனால் கிறிஸ்தவர் திரும்ப இந்துவானால் பழைய சாதி உயிர்பெறும் என்கிறது உச்ச நீதிமன்றம். நடுவில் அது எங்கே போயிருந்தது? 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் பதில் இருக்கிறது: கிரகணத்தில் இருந்தது. நல்ல உவமைதான். ஆனால் கிரகணத்தில் சூரியன் இல்லாமல் போவதில்லையே! திரும்பி வர வேண்டுமானால் அது போகாமல் இருந்திருக்க வேண்டும். சாதி போயிற்று, போகவும் இல்லை. இங்கே நடுக்கோடு கிழிக்க முடியவில்லை.

முரணைக் கண்டாயிற்று. இனி யார் எதைக் கைவிடுவது? கில்பர்ட் ஹார்மன் 1986இல் எழுதினார்: எதிலிருந்து எது பின்தொடர்கிறது என்பதைத்தான் தர்க்கம் சொல்லும், நீ எதை நம்பு, எதை விடு என்று அது கட்டளையிடாது. கட்டளையிடுவது வேறு யாரோ.

மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லித்தரும் அளவை, வாதத்துக்கான அளவை. யார் தோற்றார் என்பது அங்கே விதி. பெற்ற தாயை மலடி என்று பிள்ளையே சொன்னால் அது தன்வசன விருத்தம். குற்றம் சொன்னவன் தலையில். விருத்த வியபிசாரி என்று இன்னொன்றும் உண்டு: எதிரெதிர் முடிவுகளுக்கு இரு பக்கமும் சரியான ஏது இருக்கும். அதில் ஒருவரை மட்டும் தோற்றவர் என்று சொல்ல முடியாது.

தலித் கிறிஸ்தவரிடம் வழக்கமாகக் கேட்கப்படுவது என்ன? ‘கிறிஸ்துவுக்குள்ள சாதி இல்லங்கிறீங்க, அப்புறம் சலுகை எதுக்கு?’ இரண்டாம் வகை வழக்கை முதல் வகையாக மாற்றும் சாமர்த்தியம் இது. சாதி இல்லை என்றது பிரசங்க மேடை. கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் எழுப்பியதும் அவரில்லை. இரண்டு பேர் சொன்னதையும் அவர் வாயில் திணித்துவிட்டு, ‘நீ முரண்படுகிறாய்’ என்கிறார்கள்.

இதற்காக ‘முரணும் உண்மையே’ என்று கொண்டாடும் நம் பின்நவீனத் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் உண்டாக்கிய முரணைச் சட்டம் நீக்கலாம். அது கோயில் சிலை அல்ல. அப்படியே நிற்கட்டும் என்றால் லாபம் அரசுக்குத்தான்.

சூசை வழக்கை எடுத்துக்கொள்வோம். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர். இந்துத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு இல்லை என்றானது. 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது: சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, கிறிஸ்தவத்துக்குள்ளும் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்கான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. கொடுமை தீர்ந்துவிட்டது என்பதற்கு அரசு ஆதாரம் தர வேண்டியிருக்கவில்லை.