இஸ்னாத் இல்லாத மருத்துவ அறிவிப்பு

ஒரு செய்தியை ஏற்குமுன் அதை அறிவித்தவர் யார், அவர் எவரிடமிருந்து பெற்றார் என்று விசாரிப்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு. முஸ்லிம் மருத்துவ மரபும் இதனைப் பேணிற்று. அபூபக்ர் அர்ராஸீயின் (கி.பி. 865-925 அளவில்) குறிப்புகளிலிருந்து அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட 'அல்ஹாவீ'யில் ஜாலீனூஸ் முதலான முன்னோரின் கருத்துகள் அவரவர் பெயரோடு வருகின்றன. தம் சொந்தக் கருத்தைக் கூறுமிடத்தில் அவர் 'லீ', அதாவது 'எனக்குரியது', என்று குறிக்கிறார். படித்தறிந்தது எது, கண்டறிந்தது எது என்பதில் வாசகருக்கு ஐயமில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்படும் மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளில் இந்த எல்லைக்கோடுதான் அழிகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், உலகில் இல்லாத கட்டுரைகளை மேற்கோள் காட்டும் எழுத்துகள் பெருகின. 2024-இல் 'ரேடியாலஜி கேஸ் ரிப்போர்ட்ஸ்' என்ற இதழில் நான்கு மாதக் குழந்தை ஒன்றின் சிகிச்சை பற்றிய கட்டுரை வெளியாயிற்று. தான் ஒரு மொழி மாதிரியென்றும், நோயாளியின் விவரங்கள் தன்னிடம் இல்லையென்றும் எந்திரம் தெரிவித்த வாசகம் அதில் அப்படியே அச்சேறியிருந்தது. கட்டுரை பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், பதிப்பாளர் ஆகிய எல்லாருடைய கண்களையும் அது கடந்து வந்ததே!

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023-இல் இதற்கு விதி வகுத்தது. பொறுப்பேற்க இயலாத எந்திரம் நூலாசிரியர் ஆகாது. அதன் பயன்பாட்டை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதி சரியானதே, எனினும் போதுமானதன்று. அறிவிப்பாளரிடம் நேர்மையையும் நினைவாற்றலையும் முஹத்திஸ்கள் சோதித்தார்கள். மூலத்தை மறைக்கும் 'தத்லீஸை'யும் தேடிக் கண்டார்கள். 'இக்கருவியைப் பயன்படுத்தினோம்' என்ற ஒற்றை வரி, எந்த வாக்கியம் மருத்துவர் கண்டது, எது எந்திரம் நிரப்பியது என்று காட்டுவதில்லை. அறிவிப்புச் செய்யப்பட்ட பின்னும் தத்லீஸ் எஞ்சியே நிற்கிறது.

இதன் ஆபத்தைக் கள்ளக்குறிச்சியை வைத்து எண்ணிப் பார்க்கலாம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மது ஹராம் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் அதனால் மாண்டவரின் நோய்க்குறிப்பும் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் என்பது பாடநூல் செய்தி; எந்திரம் அதைப் பிழையின்றி எழுதிவிடும். குடித்து எத்தனை மணி நேரத்துக்குப் பின் ஒருவர் கொண்டுவரப்பட்டார், ஏன் தாமதித்தார், டயாலிசிஸ் எப்போது தொடங்கிற்று என்பவையோ கேஸ் ஷீட்டிலும் பணியிலிருந்தோர் நினைவிலும் மட்டுமே உள்ளவை. அவ்விடம் வெற்றாக இருப்பின், பிற ஊர்களின் சராசரியைக் கொண்டு எந்திரம் அதை நிரப்பிவிடக்கூடும். அடுத்த பேரிடரில் ஒரு மருத்துவர் அந்தச் சராசரியை நம்பியே முடிவெடுக்க நேரும்.

அருகிலுள்ள கல்வராயன் மலையின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கு வாழும் பழங்குடியினரின் பெயர் 'மலையாளி'. அவர்களைப் பற்றிய எழுத்து குறைவு. கேரளத்தாரைப் பற்றிய எழுத்தோ ஏராளம். பெயரொற்றுமையால் ஒருவரின் உணவும் நோயும் மற்றவர் கணக்கில் ஏறினால், மலையேறிச் சென்று பார்த்தவரன்றி வேறெவர் அப்பிழையைக் கண்டுபிடிப்பார்? ஸனதோடு நில்லாமல் மத்னையும், அதாவது செய்தியின் உள்ளடக்கத்தையும், ஆராய வேண்டும் என்பது இதனாலேயே.

தமிழ்வழி பயின்று வந்த மருத்துவர் தம் ஆங்கிலத்தைச் செப்பனிட இக்கருவியை நாடுவதில் குற்றம் காண மாட்டோம். பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்கும் நடைமுறை தரும் நெருக்கடியையும் நாம் அறிவோம். எனினும் நடையைத் திருத்துவது வேறு, சாட்சி சொல்வது வேறு. காணாததற்குச் சாட்சி சொல்ல எவருக்கும் அனுமதியில்லை.

ஆகவே, ஒவ்வோர் எண்ணும் எந்த ஏட்டிலிருந்து வந்தது, ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து படித்தவர் யார் என்று இதழ்கள் கேட்டுப் பெற வேண்டும். தாம் கண்டதன் பக்கத்தில் 'லீ' என்று பொறுப்போடு எழுதத் துணியாத மருத்துவர், அவ்வரியை அடித்துவிடுவதே நோயாளிக்குச் செய்யும் நன்மையாகும்.