ஒரே இயக்குநர், இரண்டு முடிவுகள்

அயல்மொழிப் படம் ஒன்றை ஹாலிவுட் மறுபடி எடுத்துக் கெடுத்துவிட்டால், மூலத்தின் உயிர் புதிய இயக்குநருக்குப் பிடிபடவில்லை என்று சொல்லிவிடுவோம். 'ஸ்பூர்லூஸ்' விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. 1988இல் டச்சு, பிரெஞ்சு மொழிகளில் அதை இயக்கிய ஜார்ஜ் ஸ்லூய்ஸரே 1993இல் 'தி வானிஷிங்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் எடுத்தார். இரண்டுக்கும் டிம் கிராபேயின் குறுநாவல்தான் அடிப்படை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் காதலி காணாமல் போகிறாள். காதலன் ஆண்டுக்கணக்கில் தேடி அலைகிறான். கடைசியில் கடத்தியவனே வந்து எதிரில் நிற்கிறான்.

முதல் படம் குற்றவாளியை ஒளித்துவைத்துக் கண்ணாமூச்சி ஆடுவதில்லை. கடத்தியவனான ரேமோன் ஒரு வேதியியல் ஆசிரியர், பாசமுள்ள தகப்பன். மயக்கமருந்தைத் தன்மேலேயே சோதித்து நேரம் பார்ப்பவன். 'யார்' என்பது தெரிந்துவிட்டதால், காணாமல்போன சாஸ்கியாவுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி மட்டும் பார்வையாளரை அரிக்கிறது. காதலன் ரெக்ஸை அரிப்பதும் அதுதான். அவளுக்கு நேர்ந்ததை நீயும் அனுபவித்தால் தெரிந்துகொள்ளலாம் என்று ரேமோன் பேரம் பேசுகிறான். மருந்து கலந்த காபியை ரெக்ஸ் தெரிந்தே குடிக்கிறான்; மண்ணுக்குள் புதைந்த பெட்டியில் கண்விழிக்கிறான். அவனைக் கொன்றது ரேமோன் மட்டுமல்ல, தெரிந்தே ஆகவேண்டும் என்ற வெறியும்தான். அதே வெறியோடு பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் அதில் அடி விழுகிறது. ஆங்கிலப் படம் காபியை வைத்துக்கொண்டது, புதைகுழியையும் வைத்துக்கொண்டது. பிறகு புதிய காதலி ரீட்டாவை அனுப்பி நாயகனைத் தோண்டியெடுக்க வைத்தது. விடையும் கிடைத்து உயிரும் மிஞ்சுகிறது என்றால், அந்தப் பேரத்துக்கு என்ன பொருள்?

அமெரிக்கப் பார்வையாளரின் ருசி வேறு, அதற்கேற்ப மாற்றியதில் என்ன தவறு என்று கேட்கலாம். மாற்றியதே தவறு என்பது என் வாதமல்ல. மூலத்தில் ரெக்ஸின் அடுத்த காதலி பாதியில் விலகிப்போகும் நிழல்தான். நான்சி டிராவிஸின் ரீட்டாவோ கோபமும் அறிவும் உள்ள பெண். அது உண்மையான லாபம். முடிவை மாற்றியும் தேறிய படம் உண்டு. நார்வேயின் 'இன்சோம்னியா'வில் (1997) பனிமூட்டத்தில் கூட்டாளியைச் சுட்ட துப்பறிவாளன் தண்டனையின்றிப் போய்விடுகிறான். கிறிஸ்டோபர் நோலனின் 2002ஆம் ஆண்டுப் படத்தில் அவன் சாகிறான். ஆனால் நோலன் படம் அந்தச் சாவுக்குத் தொடக்கத்திலேயே அடிக்கல் நாட்டிவிடுகிறது: சுடப்பட்ட கூட்டாளி அவனுக்கு எதிராக விசாரணையில் வாய்திறக்க இருந்தவன். கைதவறியதா, மனம் விரும்பியதா என்ற சந்தேகம் கடைசிவரை அவனைத் தூங்கவிடுவதில்லை. அங்கே முடிவோடு சேர்ந்து பாதையும் மாறியிருக்கிறது.

ஸ்லூய்ஸர் பழைய பாதையிலேயே முக்கால்வாசி தூரம் நடந்துவிட்டு, கடைசியில் வேறு ஊருக்குப் போக முயன்றார். ஜெஃப் பிரிட்ஜஸின் விசித்திரமான வில்லத்தனத்துக்காக 1993ஆம் ஆண்டுப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். ஆனால் 1988ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்த பிறகு மட்டும்.