பழைய எஞ்சினுக்கு எந்த போல்ட்டு?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களிடையே ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. எஞ்சினைப் பிரித்து மறுபடி கூட்டும்போது கம்பெனி போட்ட அதே போல்ட்டுகளைத்தான் மாட்ட வேண்டுமா, இப்போது செய்து விற்கும் புது போல்ட்டுகளைப் போடலாமா? வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது அற்ப விஷயம். கையிலிருந்த சேமிப்பைக் கொட்டி ஒரு ஹெரால்டையோ அம்பாசிடரையோ ஓட வைப்பவருக்கு வண்டியின் மானமும் உயிரும் இதில்தான் இருக்கிறது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் உட்கார்ந்து யோசித்தால் இந்த வழக்கில் மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு: உப்புக் காற்று.

அசல் போல்ட்டின் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. 1961-இல் சென்னையில் கட்டத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும், அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சினும் இங்கிலாந்து வடிவமைப்பு. கணக்கெல்லாம் இன்ச். 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி ஒப்புக்கொண்ட 60 டிகிரி யூனிஃபைடு மரைதான் இவற்றில் பெரும்பாலும் இருக்கும்; அதற்கு முந்தைய விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி. இந்தியா 1956-இலேயே மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியும் இந்த எஞ்சின்கள் இன்ச்சை விடவில்லை. ஃபியட் வழி வந்த பத்மினியோ மில்லிமீட்டர் கணக்கு. அதனால்தான் பழைய பட்டறைகளில் இரண்டு செட் ஸ்பானர் தொங்கும்.

கோளாறு தொடங்கும் இடமும் இதுதான். 5/16 இன்ச் போல்ட்டின் குறுக்களவு 7.94 மி.மீ.; எம்8 போல்ட்டுக்கு 8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. "அண்ணாச்சி, சைஸ் ஒண்ணுதான், மாட்டிரலாம்" என்ற பேச்சு இங்கேதான் வரும். ஆனால் முதலாவதில் இன்ச்சுக்கு 24 மரை. இரண்டாவதில் மரைக்கு மரை 1.25 மி.மீ., அதாவது இன்ச்சுக்கு 20 சொச்சம். இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். சரியாகப் பிடித்துவிட்டது என்று நம்பி கை இன்னும் இழுக்கும். அந்த நேரத்தில் போல்ட்டு எதையும் இறுக்கவில்லை. ஓட்டையின் மரையைத் தின்றுகொண்டிருக்கிறது. 12.7 மி.மீ. தலையில் 13-ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டு மூலையை மழுக்குவதும் இதே வகைதான். போல்ட்டு போனால் இன்னொன்று வாங்கலாம், அறுபது வயது சிலிண்டர் பிளாக்கின் மரை போனால் என்ன செய்வது? 'அசலையே போடு' என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பழம்பெருமைக்காக மட்டும் அப்படிச் சொல்வதில்லை. நீளம், தலையின் உயரம், மரை தொடங்கும் இடம், மரையில்லாத் தண்டின் பருமன் எல்லாம் அந்த இடத்துக்கென்றே கணக்குப் பண்ணிச் செய்தவை.

ஆனால் அந்தப் பிடிவாதம் எஞ்சினின் உட்புறம் வரை நீளும்போது நான் விலகிக்கொள்கிறேன். கனெக்டிங் ராடு போல்ட்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த போல்ட்டை இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் 2,40,000 இழுப்பு. போல்ட்டின் இறுக்கம் அந்த இழுப்பைவிடப் பெரிதாக இருக்கும்வரை அதற்கு வலியே தெரியாது. இறுக்கம் தளர்ந்தாலோ, மரையின் அடியில் துரு ஒரு சின்னக் குழி போட்டிருந்தாலோ, அங்கிருந்து விரிசல் பிறந்து மெல்ல வளரும். வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட்டுக்குள் விரிசல் பாதி தூரம் போயிருக்கலாம். காந்தத் துகள் சோதனை போன்ற ஒன்றில்லாமல் வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஐம்பது வருடத்தில் எத்தனை மெக்கானிக்குகள் அதை டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கியிருப்பார்கள், எத்தனை முறை அது தன் மீள்திறனைத் தாண்டி நீண்டிருக்கும் என்பதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. கனெக்டிங் ராடு, மெயின் பேரிங், ஃபிளைவீல் இம்மூன்று இடங்களில் வரலாறு தெரியாத அசலைப் போடுவது பக்தியாக இருக்கலாம். எஞ்சினியரிங் ஆகாது.

அசலைப் 'புதுப்பிக்கிறோம்' என்று செய்யும் இன்னொரு காரியம் இதைவிடக் கவலை தருவது. துருப்பிடித்த போல்ட்டுகளை ஒரு டப்பாவில் அள்ளி, ஆசிட்டில் ஊறப்போட்டு, ஜிங்க் முலாம் பூசி வாங்கிவருகிறார்கள். பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் நுழைந்துவிடும். 8.8 தர போல்ட்டுக்கு அதனால் பயம் குறைவு. 10.9, 12.9 என்று கடினம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். முறுக்கும்போது ஒன்றும் ஆகாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து, வண்டி சும்மா நிற்கும்போதே தலை தெறிக்கும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் வைத்துச் சுட்டால் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். முலாம் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

புதிய போல்ட்டின் பலம் அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640 வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது. யார் செய்தது, என்ன தரம் என்ற இரண்டுக்கும் விடை இருக்கிறது. 1966-இல் சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ் போன்ற நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, நல்ல போல்ட்டுக்கு வெளிநாட்டைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. யூனிஃபைடு மரையில், சரியான நீளத்தில், சரியான தண்டோடு தேடினால் கடைக்காரர் கையை விரிப்பார். அப்போது குறியே இல்லாமல் எடைக்கு விற்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) போல்ட்டு அந்த இடத்தில் வந்து உட்காரும். குறி இருந்தாலும் நம்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. 1980-களில் அமெரிக்காவில் தரம் குறைந்த போல்ட்டுகள் கிரேடு 8 முத்திரையோடு பெருமளவில் புழங்கியதால்தான் 1990-இல் அங்கே போல்ட்டுகளுக்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள். ஆகவே முத்திரை மட்டும் போதாது, பில்லும் வேண்டும்.

இனி எங்கள் ஊர்க் காற்று. உப்பளமும் துறைமுகமும் சூழ்ந்த ஊரில் துரு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கே ஒரு கடல்சார் ஆய்வு மையமே வைத்திருப்பது சாட்சி. கடுமையான கடற்கரைக் காற்றில் ஜிங்க் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும் என்கிறது உலகத் தர அளவீடு. கடையில் வாங்கும் முலாம் போல்ட்டில் ஜிங்க்கே 5 முதல் 8 மைக்ரான்தான். வருடம் ஒன்றிரண்டில் காலி. இதைக் கண்டு வெறுத்துப்போனவர்கள் எல்லா இடத்திலும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் கடலோர ஊர்களில் ஒழிய வேண்டும். வழக்கமான ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டு 450 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுத்தால் நீண்டுவிடும். மேலே சொன்ன 640-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். முறுக்கும்போது மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலுமினியப் பாகத்தில் மாட்டினால், உப்பு ஈரத்தில் போல்ட்டு தப்பிக்கும், அலுமினியம் அரித்துப்போகும். மஞ்சள் பாசிவேஷன் செய்த ஜிங்க்கும், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியும் இங்கே போதும்.

எது மாட்டினாலும் முறுக்கும் அளவை மறந்துவிடக் கூடாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது; பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாகிறது. புது முலாமும் எண்ணெயும் உராய்வைக் குறைத்தால், பழைய மேனுவலில் உள்ள அதே முறுக்கு எண் போல்ட்டை அளவுக்கு மீறி நீட்டிவிடும்.

புதிய போல்ட்டு போட்டால் வண்டி 'அசல்' என்ற தகுதியை இழந்துவிடுமா? மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் இருக்கும் வண்டிகளை 'வி.ஏ.' வரிசையில் பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உள்ளே ஒரு ராடு போல்ட்டு புதிதாவதை அந்த விதி தடுப்பதாக நான் படிக்கவில்லை. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனமும், கழற்றிய அசல் பாகங்களை வண்டியோடு சேர்த்துப் பாதுகாக்கத்தான் சொல்கிறது.

என் தீர்ப்பு இது. கண்ணுக்குத் தெரியும் இடங்களில், ராக்கர் கவரிலும் கார்புரேட்டரிலும் டைனமோ பிராக்கெட்டிலும், அசலே இருக்கட்டும். உயிர் தாங்கும் இடங்களில் தரம் தெரிந்த புதியது வரட்டும். கழற்றிய பழையதைக் காயலாங்கடைக்கு எடை போடாதீர்கள். எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டெழுதி, எண்ணெய் தடவி, ஒரு டப்பாவில் போட்டு, புதிய போல்ட்டின் பில்லையும் உடன் வைத்து, வண்டியை வாங்கப் போகிறவர் கையில் கொடுங்கள்.