கணக்குத் தெரிந்த காதுக்குப் புரோகிரசிவ் ரொக்

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய கையோடு, மைக் வில்சனுடன் சேர்ந்து திருகோணமலை சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கினார். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. எங்கள் குறிஞ்சாக்கேணிக்கு அந்த மலை குடாவின் மறுகரைதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1953இல், அவருடைய ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ நாவல் வெளிவந்திருந்தது. அந்த ஒரே நாவலிலிருந்து மூன்று ரொக் குழுக்கள் பாட்டுக் கட்டின. பிங்க் ஃப்ளொய்ட் 1972இல் அதே தலைப்பில் ஒரு பாட்டுப் போட்டது. அதே ஆண்டு ஜெனிசிஸ் குழுவின் ‘வொட்ச்சர் ஒஃப் த ஸ்கைஸ்’ வந்தது. 1976இல் வான் டெர் கிராஃப் ஜெனரேற்றரும் அந்த நாவலின் பெயரைத் தன் பாட்டின் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது. புரோகிரசிவ் ரொக் என்ற இசைக்குள் புதிதாக நுழைகிற நம் ஊர்க்காரர் ஒருவருக்கு இதைவிடப் பக்கத்துவாசல் கிடைக்காது.

இந்த இசையின் பொற்காலம் ஏறத்தாழ 1969 முதல் 1976 வரை, பெரும்பாலும் இங்கிலாந்தில். மூன்று நிமிடப் பாட்டை விட்டுவிட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கமாக எழுதத் துணிந்தவர்கள் இவர்கள். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் நல்ல ஒலி பதியும். ஆக்கங்களின் நீளத்தை முடிவு செய்ததில் அந்த வரம்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெத்ரோ டல் 1972இல் ‘திக் அஸ் எ பிரிக்’ என்று நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டை இரண்டு பக்கத்திலும் பரப்பி, உறையையே பன்னிரண்டு பக்கச் செய்தித்தாளாக அச்சடித்தது. வாத்தியங்களில் இந்தக் காலத்தின் அடையாளம் மெலோட்ரோன். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே வயலின் கூட்டமோ பாடகர் குழுவோ பதிந்த ஒலிநாடா ஒரு துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் அது ஓடும், ஏறத்தாழ எட்டு வினாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் நாடா பழைய இடத்துக்குத் திரும்பும். ‘வொட்ச்சர் ஒஃப் த ஸ்கைஸ்’ தொடங்குவது இந்த மெலோட்ரோனில்தான். ரோனி பாங்க்ஸ் தாளமே இல்லாமல் பெரிய ஒலித்திரள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறார். ஆளற்றுப்போன பூமியை வானிலிருந்து ஒருவன் பார்க்கிற காட்சி அதிலேயே வந்துவிடுகிறது, பீற்றர் கேப்ரியல் வாய் திறப்பதற்கு முன்னரே.

புதியவருக்கு இந்த இசையை அறிமுகம் செய்பவர்கள் வழக்கமாக ஓர் எச்சரிக்கை தருவார்கள்: தாளம் குழப்பும், ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக வரும், பழகக் காலம் எடுக்கும். மேற்கே நான்கில் மட்டும் கால் தட்டிப் பழகியவருக்கு அது சரி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட நாட்டில் அந்த எச்சரிக்கைக்கு வேலையில்லை. கோயில் வீதிக்கே போகாதவருக்கும் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் பொல்லடி தெரியும். அண்ணாவியார் பாட, கோலடி மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் பிடிக்கும். நீண்ட வடிவமும் எண்ணிக்கையும் நம் காதுக்குப் பழக்கம். நாம் பாடுபட்டுப் பழக வேண்டியது ஹார்மனியை. ஒரே மெட்டுக்கு அடியில் நிற்கும் ஸ்வரக் கூட்டம் மாறினால் மெட்டின் முகமே மாறிவிடும் என்பதை. இளையராஜாவின் 1986 அல்பமான ‘ஹவ் டு நேம் இட்’டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதிலும் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

ஆகவே முதலில் பிங்க் ஃப்ளொய்டின் ‘மணி’யை எடுக்கலாம். 1973இல் வந்த ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ அல்பத்தில் இருக்கிறது. காசு கொட்டும் ஒலியும் கல்லாப்பெட்டியின் ஒலியும் பதிந்த நாடாவை ஏழு துண்டாக வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் மேல் பேஸ் கிற்றார் ஏழு அடியில் வருகிறது. கையால் ‘தகிட தகதிமி’ போட்டுப் பாருங்கள், மிஸ்ர சாப்பு சறுக்காமல் உட்காரும். சக்ஸபோன் தனி முடியும்வரை ஏழுதான். டேவிட் கில்மோரின் கிற்றார் தனி தொடங்கும்போது நான்குக்கு மாறுகிறது, பாட்டுத் திரும்பும்போது மறுபடி ஏழு. ஏழிலிருந்து நான்குக்கு இறங்கும் அந்த இடத்தில் கிடைக்கிற ஆசுவாசம், ஏழை உடம்பில் எண்ணிக்கொண்டிருப்பவருக்கே முழுதாகக் கிடைக்கும். ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் த பாஸ்ற்’ ஐந்து. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் ‘டார்க்கஸ்’ (1971) ஆரம்பிப்பதும் ஐந்தில்தான். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’யில் ஒரு பகுதிக்குத் தலைப்பிலேயே ஒன்பது என்று இருக்கிறது, அதை மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து வாசிக்கிறார்கள்.

கணக்குக்கு அடுத்ததாக, இந்த இசைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு. வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய மகன்மாரான வயலின் கலைஞர்கள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் மதராசுக்குப் போயிற்று. சங்கர் பிறகு அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினைச் சந்தித்தது அங்கேதான். மக்லாக்லினின் மஹாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா 1971இலேயே ‘தி இன்னர் மௌன்ரிங் ஃப்ளேம்’ அல்பத்தால் ரொக்கையும் ஜாஸையும் ஒரே கொதியில் போட்டிருந்தது. அடுத்த அல்பமான ‘பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்’இன் தலைப்பு ஆக்கம் பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. பிறகு மக்லாக்லின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சங்கர், சாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’யைத் தொடங்கினார். அந்தக் குழுவின் பிற்கால வடிவம் ‘திஸ் மொமன்ற்’ அல்பத்துக்காக 2024இல் கிராமி விருது பெற்றது.

சங்கரின் பாதை அதோடு நிற்கவில்லை. அவருடைய ‘டச் மீ தேர்’ (1979) அல்பத்தைத் தயாரித்தவர் ஃப்ராங்க் ஸப்பா. பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைச் சங்கர் உருவாக்கிக்கொண்டார். ஜெனிசிஸை விட்டு 1975இல் வெளியேறிய பீற்றர் கேப்ரியலின் ‘பஷன்’ (1989) அல்பத்தில் வாசித்தார். நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலும் அதே அல்பத்தில் இருக்கிறது. கவ்வாலி கேட்கும் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். கலவரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன வீட்டிலிருந்து ஒரு வயலின், ஃபைசலாபாத்திலிருந்து ஒரு குரல், இரண்டும் ஜெனிசிஸின் முன்னாள் பாடகனிடத்தில் வந்து சேர்ந்தன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இந்தியா என்ற பெயர் ஒட்டியிருப்பதெல்லாம் நமக்குக் கிட்டவந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். யெஸ் குழுவின் ‘ரேல்ஸ் ஃப்ரொம் ரொபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973), பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. நான்கு பக்கத்துக்கு நான்கு ஆக்கம். அழகான இடங்கள் பல இருந்தாலும் தளர்ச்சியும் நிறைய. புதியவர் இதைப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். அதே குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) தலைப்பு ஆக்கம் பதினெட்டு நிமிடத்துக்கு மேல், ஓரிடம்கூடத் தொங்கவில்லை. பறவை ஒலியிலும் நீரோசையிலும் தொடங்கி, எல்லா வாத்தியமும் ஒன்றையொன்று துரத்தி, பிறகு அடங்குகிறது. அடங்கிய இடத்தில் இரண்டு குரல் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, லண்டன் தேவாலயம் ஒன்றில் பதிந்த குழல் ஓர்கன் எழும்புகிறது. ஹார்மனி என்றால் என்னவென்று கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை, இந்தப் பகுதியைப் போட்டுக்காட்டினால் போதும்.

நம் பக்கத்தில் இந்த வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். கொச்சியின் மதர்ஜேன் குழு ‘மக்தூப்’ (2008) அல்பத்தில் பைஜு தர்மஜனின் கிற்றாருக்குக் கமகம் கற்றுக்கொடுத்தது. பெங்களூரின் அகம் குழு, 2012இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ முதலாக, கர்நாடகக் கீர்த்தனங்களை ரொக் கட்டமைப்புக்குள் கொண்டுவருகிறது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரலில் ராகம் கலையாமல் நிற்கிறது. ஆனால் வாத்தியங்கள் ராகத்துக்கு அஞ்சி ஒதுங்கி நடக்கும் இடங்களில் அந்த இசை என்னைக் கட்டிப்போடுவதில்லை.

கடைசியில் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன். இந்த வகைக்கே பாதை திறந்த அல்பம் கிங் கிரிம்சனின் 1969 முதல் அல்பம் என்பார்கள், அது உண்மைதான். எனினும் அவர்களின் ‘ரெட்’ (1974) அல்பத்தின் இறுதி ஆக்கமான ‘ஸ்ராலெஸ்’ அதையும் தாண்டியது. முதல் பகுதி நான்கில் நடக்கும் துயரப் பாட்டு, மெலோட்ரோன் அதன் மெட்டை ஏந்தி நிற்கும். பிறகு பாட்டு நின்று, பேஸ் பதின்மூன்றில் அடியெடுக்கும். சங்கீர்ண ஜாதி திரிபுடையின் அட்சரக் கணக்கு அது. அதன்மேல் ரொபேட் ஃபிரிப் கிற்றாரில் ஒரே ஸ்வரத்தை மீட்டிக்கொண்டு, பல நிமிடங்களில் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறார். யெஸ்ஸிலிருந்து வந்த பில் புரூஃபர்ட் தாள வாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். தாங்கமுடியாத இடம் வரும்போது அதே பதின்மூன்று இரண்டாம் காலத்தில் பாய்கிறது. எண்ணிக்கையை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், தொடக்கத்து மெட்டு முழு மெலோட்ரோனோடு திரும்பி வரும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.