பேரிடருக்குப் பின் அயல்நாட்டு ஆசிரியர்: லாஃப்காடியோ ஹெர்னின் ‘வாழும் தெய்வம்’

முன்னுரை

1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சன்ரிக்குக் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியது. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளராகப் பொறுப்பேற்றவர் லாஃப்காடியோ ஹெர்ன் (1850–1904). கிரேக்கத்தில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த இவர், 1890 முதல் மத்சுயே, குமமோத்தோ ஆகிய ஊர்களில் அயல்நாட்டு ஆசிரியராகப் பணியாற்றியவர். 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனவர். அப்பேரிடரை அடுத்து இவர் எழுதிய ‘வாழும் தெய்வம்’ 1897இல் வெளிவந்த இவரது நூலொன்றில் இடம்பெற்றது. ‘சுனாமி’ என்னும் சொல் ஆங்கிலத்தில் பதிவான தொடக்கச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. பேரிடருக்குப் பிந்திய வாழ்வு இவ்வெழுத்தில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் வரலாறும்

சன்ரிக்குப் பேரழிவைச் சுட்டும் ஹெர்ன், அதனை விரித்துரைக்காமல் முந்தைய நிகழ்ச்சி ஒன்றுக்குச் செல்கிறார். முதியவரான ஹமகுச்சி கோஹெய், கடல் பின்வாங்குவதைக் குன்றின்மீதிருந்து கண்டு, தம் நெற்கதிர்ப் போர்களுக்குத் தீயிடுகிறார். தீயணைக்க ஓடிவந்த ஊரார் உயிர் பிழைக்கின்றனர். அவரைத் தெய்வமாக்கிக் கோயில் எழுப்புகின்றனர்.

இக்கதைக்கு மூலமானவர் கீ நாட்டு ஹிரோ ஊரினரான ஹமகுச்சி கோர்யோ (1820–1885). 1854 டிசம்பர் 24 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அவருக்கு வயது 34. அவர் கொளுத்தியவை வைக்கோற்போர்கள். நோக்கம், இருளில் தத்தளித்தோருக்கு மேட்டுநிலத்தின் வழி காட்டுவது. இம்மாற்றங்கள் புனைவுக்கு உரியவை. அவற்றைக் குறையெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் ஹெர்னின் கதையில் முற்றிலும் விடுபட்டது ஒன்று உண்டு. கோர்யோ தம் பொருளைச் செலவிட்டு, 1855 முதல் 1858 வரை, ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் உடைய கடற்கரையை எழுப்பினார். உழைத்த ஊராருக்குக் கூலி கிடைத்தது. பிழைப்பிழந்தோர் ஊரைவிட்டு அகலாதிருக்க அக்கூலியே துணையாயிற்று. 1946ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது அக்கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. இந்நெடிய உழைப்புக்கு உரிய காலத்தை ஹெர்ன் சில தொடர்களில் கடந்துவிடுகிறார்.

விடுபடலின் காரணம்

இவ்விடுபடலை அயலவர் பார்வையின் குறை என்று மட்டும் கூறிவிடலாகாது. உயிரோடிருப்பவரை வழிபடும் மரபை மேலைநாட்டு வாசகருக்கு விளக்குவதே ஹெர்னின் நோக்கம். அதற்குக் கோயில் வேண்டியிருந்தது, கரை வேண்டியதில்லை. ஆனால், அப்பகுதியைச் சேர்ந்த பள்ளியாசிரியர் நகாய் சுனெசோ இக்கதையைத் தழுவி எழுதி, 1937 முதல் 1947 வரை ஜப்பானியப் பாடநூலில் இடம்பெற்ற ‘இனமுரா நோ ஹி’யிலும் கரை இல்லை. வழிபாட்டு விளக்கத்தை நீக்கிய அவரும் தீயோடு கதையை முடித்தார். எனவே குறை அயன்மையில் இல்லை. ஒரு கணத்தின் துணிவை நாடும் படிப்பினைக் கதையின் வடிவில் உள்ளது எனலாம். கூலியும் மண்ணும் நான்காண்டுப் பொறுமையும் அவ்வடிவுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

முடிவுரை

கோர்யோவின் செயலை நினைவுகூரும் வகையில், ஐ.நா. பொதுச்சபை 2015இல் நவம்பர் 5ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரின் எழுத்தே அப்பெயரை முதலில் கடல்கடந்து கொண்டுசென்றது. அது ஹெர்னின் பேறு. எனினும், பேரிடர் இலக்கியத்தை மதிப்பிடுங்கால், அலை வந்த பொழுதை அது எவ்வாறு சொல்கிறது என்பதோடு, அலை வடிந்தபின் மனிதர் வாழ்ந்த ஆண்டுகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பின் தமிழில் எழுந்த படைப்புகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.