செங்கீரைப் பருவமும் பிள்ளைக்காம்பராவும்

இறம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது, அருவியைக் காணும் ஆவலில் பயணிகள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் அது, பார்க்கத்தக்கதுதான். அருவிக்கு அடுத்தபடியாக அவர்கள் கண்ணில் படுகிறவள் கொழுந்து பறிக்கும் பெண். தேயிலைப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் இருப்பவள் அவளே. முதுகில் கூடை, முகத்தில் புன்னகை, பின்னணியில் பனி. இந்தப் படத்தை உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்துவருகிறது. இவளுடைய கைப்பிள்ளை இந்நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர் மிகச் சிலரே.

பிள்ளை பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது. 'காம்பரா' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். லயக் காம்பராவில் பிறந்த குழந்தை, பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்து, இரவில் மீண்டும் லயத்துக்குத் திரும்புகிறது. முற்காலத்தில் அது தகரக் கூரையின் கீழ் உத்திரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும் ஓர் அறை. மலையேறிக் கொழுந்தெடுக்க உடல் இடங்கொடாத மூதாட்டியொருத்தி அங்கே 'ஆயம்மா'வாக அமர்த்தப்படுவாள். இன்று பெயர்ப்பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருக்கிறது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் உண்டு. ஆயினும் தாய்மாரின் வாயில் அது இன்னமும் பிள்ளைக்காம்பராதான்.

இந்த அறையை நம் இலக்கியம் எவ்வாறு கண்டிருக்கிறது என்பதே இங்கு நமது வினா. அதற்குமுன் பழைய அளவுகோல் ஒன்றை நினைவுகூர்வது பயன் தரும்.

குழந்தையின் முதல் இரண்டாண்டுகளை மாதம் மாதமாக உற்றுநோக்கி, அதையே ஒரு பிரபந்தமாக வகுத்த மொழி தமிழ். பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. மூன்றாம் மாதமளவில் காப்பு; ஐந்தாம் மாதம், தலை நிமிர்த்தி உடலசைத்து ஆடும் செங்கீரை; பின்னர் தால்; ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி; பதினோராம் மாதமளவில் முத்தம்; ஓராண்டு நிறையும்போது, தளர்நடையிட்டு வா என அழைக்கும் வருகை. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களுக்குள் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு; அவை நமக்கு முக்கியமல்ல. புலவர்கள் இவற்றை மன்னருக்கும் தெய்வங்களுக்கும் பாடினார்கள் என்பது உண்மையே. ஒட்டக்கூத்தருக்குக் குலோத்துங்கன் கிடைத்தான். குமரகுருபரருக்கு மீனாட்சி கிடைத்தாள். ஆனால் அந்தப் புலவர்கள் கண்டு பழகிய குழந்தைகள் தெருவில் தவழ்ந்த சாதாரணக் குழந்தைகளே அல்லவா?

இந்த அட்டவணையை ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைமீது வைத்துப் பாருங்கள். இலங்கையின் மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. இன்று அதன்படி தாய்க்குரிய விடுமுறை 84 நாள். அதிலும் பேற்றுக்குப் பிந்தியது ஏறத்தாழ பத்து வாரமே. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை மூன்றாம் பிள்ளையிலிருந்து அதிலும் பாதி, 42 நாள்தான். ஆக, காப்புப் பருவம் தொடங்கும் வேளையில் தாய் மலைக்குப் போய்விடுகிறாள். செங்கீரை, சப்பாணி, வருகை ஆகிய எல்லாப் பருவங்களின் பகற்பொழுதும் பிள்ளைக்காம்பராவில் கழிகின்றன. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்று மருத்துவ உலகம் சொல்கிறது. சட்டமும் கருணையற்றதன்று: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, ஒன்பது மணி நேரத்துள் இரண்டு இடைவேளைகள் தருகிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லையெனில் ஒரு மணி. ஆனால் இறம்பொடை போன்ற செங்குத்தான மலையில், மேல்மலையிலிருந்து இறங்கி, பாலூட்டி, மீண்டும் ஏறுவதற்கு அரைமணி எம்மட்டு? கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று அரைப்பேர்தான் விழும் என்ற அச்சம் வேறு. பால் சுரப்பதும் தராசும் ஒன்றோடொன்று மோதுகின்ற இடம் இது.

அதன் விளைவை எண்களும் சொல்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கட்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதற்குமான வீதம் 17.

இனி இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' (1935) தோட்ட வாழ்வின் கொடுமையைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த முன்னோடிப் படைப்பு. அதில் மருதியின் மகளாக நம் நினைவில் நிற்பவள் வளர்ந்த வெள்ளைச்சிதான். பிறந்த பிள்ளைக்கும் பெரிய பெண்ணுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கதைக்கு அக்கறையில்லை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையக மண்ணிலிருந்தே எழுந்த கதை. தொழிலாளிப் பெண்ணின் கைத்திறனுக்கும் தன்மானத்துக்கும் அது தந்த மதிப்பை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கும் மையம் மலையே, கூடையே. சி. வி. வேலுப்பிள்ளை ஒருவரே தொட்டிலின் பக்கம் கவனத்தோடு திரும்பியவர் எனலாம். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டே தம் மக்களின் குடியுரிமை பறிபோவதைக் கண்ட அந்தக் கவிஞர், அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துக் காப்பாற்றினார். அது பெரும்பணி.

அவருக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளரிடந்தான் எனக்கு ஒரு குறை. தாலாட்டு என்றதும் பொன்தொட்டிலையும் தாய்மாமன் சீரையும் வரிசைப்படுத்தி, தாய்மை உணர்ச்சியின் பெருமையைப் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டு எந்த நேரத்தில் பாடப்பட்டது, பாடியவள் பெற்றவளா ஆயம்மாவா என்று கேட்பதில்லை. தாலாட்டுக்கு முதலில் வேண்டியது பொழுது. அந்தப் பொழுதைத் தோட்டம் விலைக்கு வாங்கிவிட்டது. பகலில் பத்துத் தொட்டில்களை மாறி மாறி ஆட்டும் கிழவியின் குரலில் பாட்டு எவ்வாறு மாறியிருக்கும் என்பதன்றோ ஆராய்ச்சிக்குரிய பொருள்!

முற்போக்கு எழுத்தாளராகிய நாமும் தப்பவில்லை. நம் கதைகளில் தோட்டத்துக் கைக்குழந்தை பெரும்பாலும் இரண்டு நிலைகளில்தான் வரும்: பசியால் அழும், அல்லது குளிரில் இறந்துபோகும். சுரண்டலுக்குச் சாட்சி சொல்லவே அது பிறந்ததுபோல் நடத்துகிறோம். அது சிரித்ததையும், கவிழ்ந்ததையும், பக்கத்துத் தொட்டிலின் பிள்ளையைப் பார்த்துக் கைகொட்டியதையும் எழுதினால் வர்க்க உணர்வு மழுங்கிவிடும் என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் இறம்பொடைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில், மாலை வேளையில் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றிருந்தேன். அன்று நண்பகல், பாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிறுவன் முதன்முதலாக நான்கு எட்டு வைத்து நடந்ததை ஆயம்மா எனக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் தாய் வந்துவிட்டாள். "பையன் என்னா செஞ்சான் ஆயம்மா?" என்றாள். "நல்லா தின்னான், தூங்குனான்" என்று பதில் வந்தது. தாய் போனபின் காரணம் கேட்டேன். "வீட்டுல போயி நடக்கட்டுமுங்க சேர். அவ பாக்குறதுதான் மொத நடை" என்றாள் ஆயம்மா. வருகைப் பருவத்துக்கு உரைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். இதை எந்த உரையிலும் கண்டதில்லை.

பிள்ளைக்காம்பராவைப் பாராட்டினால் கம்பனியைப் பாராட்டியதாகிவிடும் என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. அது புரிந்துகொள்ளத்தக்கதே. குழந்தையின் நலன் கருதித் துரைமார் அதைக் கட்டவில்லை. கைகள் கொழுந்துக்கு வேண்டியிருந்தமையால் கட்டினார்கள். ஆயினும் ஒரு நிறுவனம் யாருக்காகத் தொடங்கியது என்பது வேறு, அதை யார் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பது வேறு. 1945இல், போர் ஓய்ந்த சில நாட்களில், இத்தாலியின் ரெஜியோ எமிலியாவுக்கு அருகே ஒரு கிராமத்தார், ஜெர்மன் படை விட்டுச் சென்ற டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தம் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி எழுப்பினார்கள். ஆசிரியர் லோரிஸ் மலகுசி அவர்களோடு சேர்ந்தார். இன்று உலகெங்கிலுமிருந்து கல்வியாளர்கள் அங்கே சென்று கற்கிறார்கள். நம் தொழிற்சங்க மேடைகளில் நாட்சம்பளம் பேசப்படுகிறது, பேசப்படவேண்டியதே. ஆயம்மாவின் பயிற்சியும் ஊதியமும், ஒருத்தியின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதும், பாலூட்டும் இடைவேளையில் குறையும் கொழுந்தின் நிறை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதும் அதே உரத்த குரலில் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

மலையகப் பாடசாலைகளில் உயர்வகுப்புப் படிக்கும் மாணவர் பலருக்குப் பாட்டியோ பெரியம்மாவோ ஆயம்மாவாக இருந்திருப்பாள். நாட்டார் பாடல் சேகரிக்க ஆசிரியர்கள் அவர்களை அனுப்புவதுண்டு. இம்முறை பாட்டோடு நிறுத்திவிடாமல், தொட்டில்கள் எத்தனை இருந்தன, அழும் பிள்ளையின் தாயை மலையிலிருந்து எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பிள்ளை எந்த மாதம் தவழ்ந்தது என்பதையும் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அந்த மூதாட்டிகளுக்கு அவை மறந்திரா.